சும்மா கிடந்தால்தான் கெடும்: பழைய ஹாம் செட் வாங்குவோருக்குச் சில அடிப்படைகள்

உரிமம் பெற்ற தனியாட்கள் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ, அப்படிப் பேசுகிறவரும் ஹாம். அதற்கான பரீட்சைக்குப் படிக்கத் தொடங்குகிறவர்கள் கொஞ்ச நாளில் செட்டுகளின் விலையைப் பார்த்துவிட்டுத் தளர்ந்து போகிறார்கள். புதிய சிற்றலைச் செட் இலட்சக் கணக்கில் போகிறது. அதன் பிறகு பார்வை பழைய செட்டுகளின் பக்கம் திரும்பும். கொழும்பில் ஒரு மூத்த ஹாம் தன்னுடைய இரண்டாவது செட்டைக் கொடுக்கப் போகிறாராம், கனடாவில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவரிடம் எண்பதுகளின் கென்வுட் செட் ஒன்று இருக்கிறதாம் என்று பேச்சு வரும். "நாற்பது வருஷச் சாமான், வாங்கலாமா?" என்று கேட்பார்கள்.

தாராளமாக வாங்கலாம். வயதைப் பெரிதாகப் பார்க்க வேண்டாம். கடைசியாக எப்போது பாவித்தார்கள், இடையில் எங்கே வைத்திருந்தார்கள் என்பதைக் கேளுங்கள். கிழமைக்கு இரண்டு தரமாவது ஓடிய 1975ஆம் ஆண்டுச் செட், பதினைந்து வருடம் அலுமாரியில் கிடந்த 1990ஆம் ஆண்டுச் செட்டைவிட நல்ல நிலையில் இருப்பது சாதாரணம். பழைய ட்ரான்ஸீவர் ஒன்றை அரிப்பது பெரும்பாலும் ஈரமும் உப்பும் ஓடாமல் கிடப்பதுந்தான். யாழ்ப்பாணத்தில் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீரேரி. எந்த வீட்டிலிருந்தும் உப்புக்காற்று அதிக தூரத்தில் இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் புழுதி, வாடை தொடங்கினால் மாரி மழையும் ஈரமும். தொட்டாலே பிசுபிசுக்கும் அந்தக் காற்றுத்தான் செட்டுக்குள்ளும் போகிறது.

செட்டுக்குள் என்ன இருக்கிறது?

ட்ரான்ஸீவர் என்றால் கேட்கும் கருவியும் அனுப்பும் கருவியும் ஒரே பெட்டிக்குள் இருப்பது. சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதி. இந்த அலைகளை வானத்தின் அயனமண்டலம் மீண்டும் பூமிக்குத் திருப்பி அனுப்பும் என்பதால் நூறு வாட்டில் உலகத்தின் மறுபக்கத்தோடும் பேச முடிகிறது. கேட்கும்போது, அன்டெனாவில் வரும் மெல்லிய சமிக்ஞையைச் செட் பெருக்குகிறது. பிறகு தானே உருவாக்கும் இன்னொரு அலையோடு கலந்து, அதை நிலையான ஒரு அதிர்வெண்ணுக்கு மாற்றுகிறது. அந்த இடத்தில் ஒரு கிறிஸ்டல் வடிகட்டி வேண்டாத நிலையங்களை வெட்டிவிடும். கடைசியில் அது ஒலியாகி ஸ்பீக்கருக்குப் போகிறது. அனுப்பும்போது ஏறத்தாழ இதே பாதையில் எதிர்த்திசையில் போய், முடிவில் பெரிய பெருக்கி ஒன்று அன்டெனாவைத் தள்ளுகிறது. இரண்டு வேலைக்கும் பாதை பெருமளவு பொதுவானது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிவிடுவது சிறிய ரிலேக்கள். இந்த ரிலேக்களைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

நம் கைக்கு வரக்கூடிய பழைய செட்டுகளை மூன்று தலைமுறையாகப் பார்க்கலாம். முதலாவது எழுபதுகளின் கலப்புச் செட்டுகள்: யாயெசு எஃப்டி-101, கென்வுட் டிஎஸ்-520 போன்றவை. கேட்கும் பகுதி முழுவதும் டிரான்சிஸ்டர். அனுப்பும் பகுதியின் கடைசியில் மட்டும் மூன்று வால்வுகள், அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்திய காலத்துக் கண்ணாடிக் குழாய்கள். அடுத்தது வால்வே இல்லாமல், 13.8 வோல்ட்டில் ஓடும் முழு டிரான்சிஸ்டர் செட்டுகள். மூன்றாவது, எண்பதுகளில் வந்த நுண்செயலி வைத்த செட்டுகள்: ஐகொம் ஐசி-751, கென்வுட் டிஎஸ்-440 வகையறா. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் பழுதாகும். ஆரம்பக்காரருக்கு நான் முதல் தலைமுறையைத்தான் விரும்பிச் சொல்வேன். உள்ளே பாகங்கள் பெரிதாக, கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டும்படி இருக்கின்றன. அதில் உயிராபத்தான மின்னழுத்தம் இருப்பதும் உண்மை. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். இன்னொரு குறையும் உண்டு. 10, 18, 24 மெகாஹேர்ட்ஸ் பட்டைகள் 1979ஆம் ஆண்டு நடந்த உலக மாநாட்டில்தான் ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டன. அதற்கு முந்திய செட்டுகளால் அந்தப் பட்டைகளில் பேச முடியாது. 7, 14, 21, 28 போதும் என்கிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை.

வாங்குவதற்கு முன் உரிமம். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து, 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறியீட்டைப் பெற்ற பிறகுதான் அனுப்பலாம். வெளிநாட்டிலிருந்து செட் கொண்டுவருவதற்கும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். சித்தப்பா விமானம் ஏறுவதற்கு முன்பே அந்தக் கடிதம் கையில் இருக்கட்டும். சுங்கத்தில் மாட்டிய பிறகு அலைவது மிகுந்த கஷ்டம்.

மூடியைத் திறந்து மணந்து பாருங்கள்

பார்க்கப் போகும்போது ஸ்குரூ டிரைவர், ரோச், மல்டிமீட்டர் மூன்றும் கொண்டு போங்கள். முகப்பு பளபளப்பதில் மயங்க வேண்டாம். மேல் மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். விற்கிறவர் தயங்கினால் அதுவே ஒரு பதில். உள்ளே முதலில் பார்க்க வேண்டியது ஸ்குரூக்களின் தலை. தேய்ந்து, கீறுப்பட்டிருந்தால் பலர் கை வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு சுருள்களின் மேலுள்ள சிறிய தகர டப்பிகளைப் பாருங்கள். அவற்றுக்குள்ளே ஒரு கரிய மையம் தெரியும். அது உடைந்திருந்தால் யாரோ திருகிப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

செட்டின் உலோகச் சட்டமான சேஸியில் வெள்ளைப் பூஞ்சை போல அலுமினிய உப்பு, செப்புப் பாகங்களில் பச்சைக் களிம்பு இரண்டும் கடற்காற்றின் அடையாளம். கொஞ்சம் இருந்தால் துடைக்கலாம். சேர்க்கிட் பலகையின் செப்புக் கோடுகளின் மேலேயே பச்சை படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். மணமும் முக்கியம். கருகிய மணம் டிரான்ஸ்போமர் சூடான கதையைச் சொல்லும். மீன் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வாடை வந்தால், எங்கேயோ மின்னைச் சேமித்துவைக்கும் கப்பாசிட்டரின் உள்ளிருக்கும் திரவம் ஒழுகியிருக்கிறது.

செட் ஓடுகிற நிலையில் இருந்தால், அன்டெனாவைச் செருகியும் கழற்றியும் கேளுங்கள். செருகும்போது இரைச்சல் தெளிவாகக் கூட வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் அப்படிச் செய்து பாருங்கள். ஒரு பட்டை மட்டும் ஊமையாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, சுவிட்ச் தொடுகையாக இருக்கலாம். எல்லாப் பட்டையும் ஊமையாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

முதல் தடவை மின்சாரம் கொடுப்பது

பல வருடம் கிடந்த செட்டை நேரே சுவரில் செருகி சுவிட்சைப் போடுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய அநியாயம். ஏன் என்று விளங்க, மின்பகு கப்பாசிட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். உள்ளே அலுமினியத் தாள் சுருட்டி இருக்கிறது. அதன் மேல் மிக மெல்லிய ஒக்சைட் படலம். அந்தப் படலந்தான் மின்சாரத்தைத் தடுத்து வைக்கிறது. படலத்தை உருவாக்குவதும் காப்பாற்றுவதும் அதன் மேல் இருக்கும் மின்னழுத்தமே. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அழுத்தம் இல்லாமல் கிடந்தால், சுற்றியிருக்கும் திரவத்தில் படலம் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். அந்த நிலையில் திடீரென்று முழு அழுத்தத்தையும் கொடுத்தால் கப்பாசிட்டர் கசியும், சூடாகும், சில வேளை வெடிக்கும். மெதுவாக, படிப்படியாகக் கொடுத்தால் படலம் மறுபடி வளர்ந்துவிடும்.

இதற்கு மிக எளிய கருவி, பழைய இழை பல்ப் ஒன்று. 60 வாட் பல்பை ஹோல்டரில் போட்டு, செட்டுக்குப் போகும் உயிர்க்கம்பியில் தொடராக இணைக்க வேண்டும். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. கலப்புச் செட் என்றால் முகப்பில் இருக்கும் ஹீட்டர் சுவிட்சை முதலில் அணைத்துவிடுங்கள். கேட்கும் பகுதிக்கு வால்வுகள் தேவையில்லை. இப்போது சுவிட்சைப் போட்டால் பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரியும், பிறகு மங்கி, இழை மட்டும் செம்மையாகத் தெரியும் அளவில் நிற்கும். அப்படி நின்றால் நல்லது. கப்பாசிட்டர்கள் நிரம்பிவிட்டன, உள்ளே பெரிய குறுக்குச்சுற்று இல்லை. அரை மணித்தியாலம் அப்படியே விடுங்கள். பல்ப் மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைக்க வேண்டும். எங்கேயோ குறுக்குச்சுற்று. பல்ப் நடுவில் இருந்தபடியால் டிரான்ஸ்போமர் தப்பியது.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, செட் எத்தனை வோல்ட்டுக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்பது. நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பான் உள்நாட்டுச் செட் 100 வோல்ட், கனடாவிலிருந்து வருவது 120 வோல்ட். எஃப்டி-101 போன்றவற்றில் டிரான்ஸ்போமரின் இணைப்பை மாற்றி 220 அல்லது 234 வோல்ட்டுக்குக் கொண்டுவரலாம். எந்தக் கம்பியை எங்கே மாற்றுவது என்று கையேட்டில் படம் இருக்கும். மாற்றும்போது பியூசையும் மாற்ற வேண்டும். அழுத்தம் இரட்டிப்பானால் ஓட்டம் பாதியாகும், அதனால் பியூசின் அளவும் பாதியாகும். பியூஸ் எரிந்தால் வெள்ளித்தாள் சுற்றுகிற பழக்கத்தை இந்தச் செட்டுகளோடு வைத்துக்கொள்ள வேண்டாம்.

செட் விழித்த பிறகு ஸ்பீக்கரில் தொடர்ந்து "ங்ங்" என்று ஒரு தாழ்ந்த முனகல் கேட்டால், அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை நேராக்கும்போது வரும் 100 ஹேர்ட்ஸ் சத்தம். மின்வழங்கிப் பகுதியின் பெரிய கப்பாசிட்டர் வற்றிவிட்டது என்று அர்த்தம். புதியது போடும்போது கொள்ளளவு அதே அளவில் அல்லது சற்றுக் கூட, வோல்ட் அளவு குறையவே கூடாது, வெப்ப அளவு 105 பாகை என்று எழுதியதாக வாங்குங்கள். இந்த வகைக் கப்பாசிட்டர்களுக்கு 10 பாகை சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எலெக்ட்ரோனிக்ஸ்காரரின் பழைய கணக்கு. நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே செட்டை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று: எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். நன்றாக இருக்கும் பலகையில் ஐம்பது இடத்தில் சூடுகாட்டினால் செப்புக்கோடு உரிந்து புதிய கோளாறு வரும். வீங்கியது, ஒழுகியது, அளந்து பார்த்துக் கெட்டது, இவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

வால்வுப் பெட்டிக்குள் கை வைக்காதீர்கள்

கலப்புச் செட்டுகளின் பின்பக்கத்தில், வால்வுகளைச் சுற்றி ஒரு கூண்டு இருக்கும். அதற்குள்ளே எஃப்டி-101இல் சுமார் 600 வோல்ட், வேறு சில செட்டுகளில் 800 வோல்ட்டுக்கும் மேலே இருக்கும். செருகியைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கலாம். தானாக வடிந்துபோக ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், ஆனால் நாற்பது வருடத்தில் அந்த ரெசிஸ்டரே செத்திருக்கக் கூடும். ஆகவே செருகியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, மீட்டரால் அளந்து, மீதி இருந்தால் நல்ல காப்புக் கைப்பிடியில் கட்டிய சில ஆயிரம் ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியே வடித்து, மறுபடி அளந்து பார்த்துவிட்டுத்தான் கை உள்ளே போக வேண்டும். அளக்கும்போது இடக்கை காற்சட்டைப் பைக்குள் இருக்கட்டும். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். வெறும் காலோடு சீமெந்து நிலத்தில் நின்று இந்த வேலை செய்யாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமானவன். அனுபவம் இல்லாதவர், தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அந்தக் கூண்டைத் திறக்கவே கூடாது.

வால்வுகளைப் பாதுகாக்க வழி, விரைவாக இசைப்பது. முகப்பில் பிளேட், லோட் என்று இரண்டு குமிழ்கள் இருக்கும். பிளேட் குமிழைத் திருப்பும்போது மீட்டரின் முள் ஓரிடத்தில் சட்டென்று கீழே இறங்கும். அந்த இறக்கந்தான் ஒத்திசைவு. லோட்டைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி இறக்கத்தைத் தேடி, இப்படி இரண்டு மூன்று தரம். ஒவ்வொரு தரமும் பத்து விநாடிக்கு மேலே அனுப்பக்கூடாது. எஃப்டி-101இன் 6ஜேஎஸ்6சி வால்வுகள் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காகச் செய்தவை. உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது, விலையும் ஏறுகிறது. டிஎஸ்-520இல் உள்ளதும் எஃப்டி-101இசட்டி பாவிப்பதும் 6146பி வகை, கொஞ்சம் எளிதாகக் கிடைக்கும். வாங்கும்போது இந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள். பேச்சில்லாமல் அனுப்பும் நிலையில் எஃப்டி-101, டிஎஸ்-520 இரண்டிலும் மீட்டர் 60 மில்லி அம்பியர் காட்ட வேண்டும். இதுதான் ஓய்வு ஓட்டம். மாதம் ஒருமுறை அதைப் பார்த்துச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை.

இப்போது பலர் கணினியை இணைத்து, பேச்சுக்குப் பதிலாகக் குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையைப் பாவிக்கிறார்கள். பழைய செட்டிலும் முடியும். ஆனால் அதில் நம் முறை வரும் ஒவ்வொரு 15 விநாடியிலும் 12.6 விநாடி இடைவிடாமல் முழுச் சக்தியில் போகிறது. பேச்சில் இருப்பது போல மூச்சுவிட இடமில்லை. முப்பது வாட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வானம் ஒத்துழைக்கும் நாளில் அதுவே ஐரோப்பா வரை போகும்.

ரிலேயும் சுவிட்சும்

பழைய செட் வைத்திருக்கும் ஆரம்பக்காரர் சந்திக்கும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தத் தலைப்புக்குள் அடங்கும் என்பது என் எண்ணம். மிகப் பழக்கமான ஒன்று இது: செட்டைப் போடுகிறீர்கள், எல்லா நிலையங்களும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல மெலிதாகக் கேட்கின்றன. ஒரு தரம் மைக்கை அமுக்கி விட்டதும் "டக்" என்று சத்தம் முழு அளவில் வந்துவிடுகிறது. அடுத்த நாள் மறுபடியும் அதே கதை. புதியவர் டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று நினைப்பார். உண்மையில் ரிலேயின் தொடுகைப் புள்ளியில் படிந்த கரிய படலந்தான் காரணம். அமுக்கும்போது புள்ளிகள் உராய்ந்து படலம் கொஞ்சம் கிழிகிறது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யும் முறை நுணுக்கமானது. செட்டை அணைத்து, செருகியைக் கழற்றுங்கள். கலப்புச் செட் என்றால் மேலே சொன்னபடி வடித்து அளந்த பிறகு. ரிலேயின் ஒளிபுகும் பிளாஸ்டிக் மூடியை மெல்லக் கழற்றினால் மெல்லிய தகடுகளும் அவற்றின் நுனியில் வெள்ளிப் புள்ளிகளும் தெரியும். அழைப்பிதழ் அட்டை போன்ற வழவழப்பான தடித்த தாளை விரல்நக அகலத்தில் வெட்டி, ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்து, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே செருகி, தகட்டை விரலால் மெதுவாக அழுத்திப் பிடித்தபடி தாளை இழுக்க வேண்டும். தாளில் ஒரு சாம்பல் கோடு விழும். வேறு துண்டால் மறுபடி. கோடு விழாத வரை தொடருங்கள். மண்தாள் கொண்டு தேய்க்கவே கூடாது. வெள்ளிப் பூச்சு போய்விட்டால் அதற்குக் கீழே உள்ள உலோகம் இன்னும் வேகமாகக் கறுக்கும்.

பட்டை மாற்றும் சுவிட்ச், ஒலிக் குமிழ் இவற்றுக்கும் இதே நோய்தான். திருப்பும்போது கரகரப்பு வரும். தொடுகை சுத்தமாக்கும் திரவம் கொஞ்சமாக விட்டு, முழு வட்டமாகப் பத்திருபது தரம் திருப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இதற்குள் அடிக்காதீர்கள். அது புழுதியைப் பிடித்துவைத்து, ஒரு சோளகம் முடிவதற்குள் பசையாகிவிடும். பலகைகள் செருகி இருக்கும் சாக்கெட்டுகளும் அப்படியே. பலகையை வெளியே எடுத்து, அதன் விளிம்பிலுள்ள செப்பு விரல்களைத் துடைத்துத் திரும்பச் செருகுவதோடு பல செட்டுகள் குணமாகியிருக்கின்றன.

திருப்பக் கூடாதவை

சுருள் டப்பிகளின் மையங்களையும், டிரிம்மர் என்ற சிறிய திருகு பாகங்களையும் தொடாதீர்கள். தொழிற்சாலையில் கருவி வைத்து அமைத்தவை அவை. நாற்பது வருடத்தில் ஒரு ஸ்குரூ தானாகத் திரும்பாது. செட்டின் உணர்திறன் குறைந்திருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது: தொடுகை, கப்பாசிட்டர், வெடித்த ஈய ஒட்டு. இந்த வெடித்த ஒட்டுகளைப் பற்றி ஒரு சொல். கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தால், மெல்லிய வளையம் போல ஒரு பிளவு தெரியும். செட்டை மெல்லத் தட்டும்போது சத்தம் போய் வந்தால் இதைத்தான் தேட வேண்டும். கொஞ்சம் புதிய ஈயத்தோடு சூடுகாட்டினால் சரியாகிவிடும்.

கோளாறு எங்கே என்று தேடுவதற்குப் பாதையைப் பாதிப் பாதியாக வெட்டுவது நல்ல முறை. ஒலிப் பகுதியில் ஒரு சிறிய சமிக்ஞை கொடுத்து ஸ்பீக்கரில் கேட்கிறதா பாருங்கள். கேட்டால் பின்பாதி நல்லது. முன்பாதியின் நடுவுக்குப் போங்கள். இதற்குச் சேர்க்கிட் படம் வேண்டும். இந்தப் புகழ்பெற்ற செட்டுகளின் பராமரிப்புக் கையேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊரில் பழைய ரி.வி. திருத்துகிற அண்ணைமாரிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஹாம் செட்டைக் கண்டிராதவர்களும் மின்வழங்கியையும் ஒலிப் பகுதியையும் ஒரு பார்வையில் விளங்கிக்கொள்வார்கள்.

நுண்செயலிச் செட்டுகளின் தனிக் கோளாறுகள்

எண்பதுகளின் ஐகொம் ஐசி-751, ஐசி-745 ஆகியவற்றில் செட்டை ஓட்டும் நிரலே ஒரு சிறிய லித்தியம் பற்றறியின் உயிரில் நினைவகத்தில் இருக்கிறது. பற்றறி செத்தால் நிரல் அழியும், செட் ஊமையாகிவிடும். வாங்கினால் முதல் வேலை, பற்றறி எப்போது மாற்றியது என்று கேட்பது. நிரலை நிலையாக வைத்திருக்கும் மாற்றுப் பலகைகளும் கிடைக்கின்றன, அதுவே நிரந்தரத் தீர்வு. கென்வுட் டிஎஸ்-440இல் அதிர்வெண்ணை உருவாக்கும் பகுதியில் ஊற்றிய பசை காலப்போக்கில் மின்சாரம் கடத்தத் தொடங்குகிறது. அப்போது திரையில் எண்கள் மறைந்து புள்ளிகள் மட்டும் தெரியும். பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தால் பெரும்பாலும் உயிர் பெறும். தொண்ணூறுகளின் டிஎஸ்-850 போன்றவற்றில், பலகையோடு ஒட்டிய சிறிய கப்பாசிட்டர்கள் ஒழுகிக் கோடுகளை அரிக்கும். இது ஆரம்பக்காரர் கை வைக்கும் வேலையில்லை.

13.8 வோல்ட்

தொண்ணூறுகளின் முற்பகுதியில் மின்சாரம் இல்லாமல், பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட ஊர் இது. குறைந்த வோல்ட்டில் ரேடியோ எப்படி நடந்துகொள்ளும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கேட்பதற்கும் அனுப்புவதற்கும் உள்ள தூரம் பெரியது. 13.8 வோல்ட்டில் ஓடும் நூறு வாட் செட் ஒன்று கேட்கும்போது ஒன்றரை அம்பியர் அளவில் எடுக்கும், அனுப்பும்போது 20 அம்பியர். அந்த 20 அம்பியரில்தான் வயரின் தடிப்பு முக்கியமாகிறது. 1 சதுர மில்லிமீட்டர் வயரில் இரண்டு மீட்டர் தூரம், போய் வர நான்கு மீட்டர் என்றால், வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் தொலைந்துவிடும். 13.8 என்று புறப்பட்டது 12.4 ஆகச் செட்டை அடையும். பேச்சு கரகரக்கும், சில செட்டுகளில் அதிர்வெண்ணே ஆடும். செட்டைக் குறைசொல்ல முன் வயரை மாற்றுங்கள். தடித்ததாக, குட்டையாக இருக்க வேண்டும். சிவப்பு நேர், கறுப்பு எதிர் என்பதை ஒவ்வொரு தரமும் மீட்டரில் பார்த்தே இணையுங்கள்.

ஈரம், பல்லி, இடி

செட்டைப் பொலித்தீனால் மூட வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைபடும். பருத்தித் துணி போதும். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். சிலிக்கா ஜெல் பைகளை மூடிய பெட்டிக்குள் போட்டால் பலன் உண்டு, திறந்த மேசையில் பலன் இல்லை. எல்லாவற்றிலும் நல்ல ஈரநீக்கி, செட்டின் சொந்தச் சூடு. மாரியில் தினமும் ஒரு மணித்தியாலமாவது போட்டு வையுங்கள். அந்தச் சூட்டைத் தேடிப் பல்லியும் வரும் என்பது இந்த வைத்தியத்தின் பக்கவிளைவு. பின்பக்கத் துவாரங்களுக்கு மெல்லிய கம்பிவலை ஒட்டிவிடுங்கள், காற்று போகட்டும், பல்லி போகக்கூடாது. உயர் அழுத்தப் பகுதியில் ஒரு பல்லி குறுக்கே விழுந்தால் பியூசோடு முடியும் என்று சொல்ல முடியாது.

அன்டெனாவைப் பற்றி விரிவாகப் பேச இது இடமில்லை. 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு இரண்டு பக்கமும் பத்து மீட்டர் வீதம் செப்புக்கம்பி, நடுவில் கோஅக்ஸ் வயர், இரண்டு பனைமரம். தொடங்க இது போதும். அனுப்பும் பகுதியில் டிரான்சிஸ்டர் உள்ள செட்டுகளுக்கு அன்டெனா 50 ஓமுக்குக் கிட்ட இருக்க வேண்டும், அந்தப் பொருத்தம் எவ்வளவு தவறுகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் அளவு 2க்கு மேலே போனால் அவை சக்தியைக் குறைத்துக்கொள்ளும். வெளியே இருக்கும் இணைப்புகளைத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுங்கள். அப்படிச் செய்தும் வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், உப்பு எப்படியோ வழி கண்டுபிடித்துவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் அதிகம். பின்னேரம் கறுக்கத் தொடங்கினால் அன்டெனா வயரைக் கழற்றி சன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மின்செருகியையும் கழற்றுங்கள்.

ஓடவிடுங்கள்

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஹம்பாந்தோட்டையோடு தொடர்பு அறுந்திருந்தபோது நம் நாட்டு ஹாம்களின் சிற்றலைச் செட்டுகள் செய்தி கொண்டுபோயின. அது முடிந்ததற்குக் காரணம், அவை அன்றாடம் ஓடிக்கொண்டிருந்த செட்டுகள். அலுமாரியில் கிடப்பது அவசரத்துக்கு உதவாது. காலையில் 7 மெகாஹேர்ட்ஸைப் போட்டால் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஹாம்கள் தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். உரிமம் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அதிர்வெண்ணைக் குமிழால் திருப்பி அமைக்கும் விஎப்ஓ வகைப் பழைய செட்டுகளில் போட்டவுடன் அதிர்வெண் கொஞ்சம் நழுவும். அரை மணித்தியாலம் சூடேறிய பிறகு நிலைக்கும். டயல் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, டிஎஸ்-520, எஃப்டி-101 இரண்டிலும் நேரச் சமிக்ஞைக்கென்று தனி நிலையே உண்டு. சீனாவின் பிபிஎம் நிலையம் 5, 10, 15 மெகாஹேர்ட்ஸில் விநாடிக்கு ஒரு "டிக்" அனுப்புகிறது, மாலையில் தேடிப் பாருங்கள். செட்டின் உள்ளே இருக்கும் கிறிஸ்டல் அளவுகோலை அதோடு ஒத்துப்போக வைத்தால், மற்றப் பட்டைகளில் டயலைச் சரிபார்க்க அதுவே போதும். இப்படி அளந்த ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள்: ஓய்வு ஓட்டம் எத்தனை மில்லி அம்பியர், ஒவ்வொரு பட்டையிலும் எத்தனை வாட், டயல் எவ்வளவு தள்ளிக் காட்டியது, எந்தக் கப்பாசிட்டர் எப்போது மாற்றியது. அடுத்த மாரி முடிந்ததும் அதே அளவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தால் எந்தப் பகுதி தளர்கிறது என்று கொப்பியே காட்டிவிடும். செட்டை எப்போதாவது இன்னொருவருக்குக் கைமாற்றும்போது அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள்.